ஆற்றுக்குள் ஒரு தூக்கம்

ஆற்றோர முகாம்,
விக்டோரியா, ஆஸ்திரேலியா.

அன்பான லெய்மாராவுக்கு,

கல்சாவ் எழுதுகிறேன். உன் இருமல் விட்டதா? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். உடம்புதான் அலுத்துக் கிடக்கிறது.

பேரிக்காய்த் தோட்டத்து விடுதியில் இடமில்லை என்று, நம் தீவிலிருந்து பழம் பறிக்க வந்த எங்களை நகராட்சியின் ஆற்றோர முகாமில் கூடாரம் போட்டுத் தங்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு குழாய், ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். குளியல் ஆற்றில்.

வேறு யாராவது சொல்லி நீ பயப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை பேரிக்காய் பறித்துவிட்டு வந்து, இடுப்புக்கு இதமாக இருக்குமே என்று கரையோரத் தண்ணீரில் உட்கார்ந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். ஆறு என்னை மெல்ல இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பக்கத்துக் கூடாரத்து கிளெனிஸ் அம்மாள் உடுத்திய துணியோடு இறங்கி, சட்டையைப் பிடித்து என்னைக் கரைக்கு இழுத்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம், லெய்மாரா" என்று முனகினேனாம்.

"தீவுக்காரன்னு பீத்திக்கிட்டியே, முழங்கால் தண்ணியில சாகப் பாத்தியே! யாருய்யா அந்த லெய்மாரா?" என்று கத்தினாள்.

"தெனம் என்னை எழுப்புறவ" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

கூட வேலை செய்யும் கால்தாக் ஊருக்கு வந்துவிட்டு இங்கே திரும்புகிறான். அவனிடம் தேங்காய் எண்ணெயும் ஒரு பாயும் கொடுத்தனுப்பு. தரை ரொம்பக் குளிர்கிறது. நம் மகள் ரோசினாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. கடையில் அவளுக்குச் செருப்பு எடுக்கப் போனேன். என்ன அளவு என்று கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்து வண்டி ஹாரன் அடிக்கிறது. நின்றால்தான் பாதம் சரியான அளவுக்கு விரியும்; ரோசினாவை உட்காரவைத்து வரையாதே, நிற்கவைத்து வரை.

உன் கல்சாவ்