இத்தா அறையில் கேட்ட இறுதி ஆட்டம்

இடக்கால் மச்சான்,

பகல் லுஹர் தொழுது ஸலாம் கொடுத்த நேரம் அறைக்குள்ள நோவெண்ணெய் மணந்தது. நீங்க முழங்காலுக்குப் பூசுற அதே எண்ணெய். கதவு சாத்திக் கிடந்தது. ஜன்னலுக்கு என் கூடப்பிறந்த ராத்தா தடிச்ச சேலையொன்றை ஆணியடித்து மறைத்திருக்கிறா. உங்கட எண்ணெய்ப் போத்தலை நாற்பதாம் நாள் கத்தம் ஓதுறதுக்கு முன்னமே கழுவிக் கவிழ்த்தாச்சு. நான் தொழுத பாயிலேயே அசையாமல் இருந்தேன். பிறகு பின்மதிலுக்கு அங்கால பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் கேட்டது. நம்மட கல்லூரிப் பிள்ளைகள் கிரவுண்டுக்கு வந்து காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாங்க, காற்று கொண்டு வருகுது என்று மனதுக்குச் சொன்னேன். அன்றைக்குத்தான் இறுதி ஆட்டம்.

ஆனால் அன்றைக்குப் பின்னேரம் அஸர் வரைக்கும் காற்றே இல்லை மச்சான்.

உங்களுக்கு ஆட்டம் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால எழுதுறேன். அஞ்சாம் வகுப்போட நின்றவள் எழுதுற எழுத்து, பிழை இருந்தால் பார்க்காதீங்க.

கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த அன்றே சொன்னீங்க, "உங்க வாப்பா தந்த சீதனத்தில எனக்குப் பிடிச்சது இந்தப் பின்மதில்தான்" என்று. மதிலுக்கு அங்கால நீங்க ஓடி விளையாடின கிரவுண்ட். இடக்காலால பந்து அடிக்கிற ஆள் என்று ஊரே உங்களை 'இடக்கால்' என்று கூப்பிட்டது. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். சீனி வருத்தம் உங்கட ரெண்டு கண்ணையும் கொண்டுபோன பிறகு நான்தான் உங்களுக்குக் கண். மாடிப்படியில பாதி ஏறி, முக்காட்டை இழுத்துவிட்டு, மதிலுக்கு மேலால பார்த்துப் பார்த்துச் சொல்லுவேன். நீங்க கீழே கட்டிலில கிடந்து கேட்பீங்க. "என்ன புள்ள நடந்த?" "கோனர் போட்டாங்க." "ஆரு போட்ட?" "பதினொன்றாம் நம்பர்." "அவன் உயரத்துக்குத்தான் போடுவான், மடையன்." ராத்தா குசினிக்குள்ள இருந்து சிரிப்பா, "குருடருக்கும் படியில நிக்கிறவளுக்கும் பைத்தியம்" என்று. நீங்களும் விடமாட்டீங்க: "மச்சி, உங்கட மீன் ஆணத்தை விட இது ருசி."

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் புட்போல் விளங்கினது.

கடைசியா நான் உங்களுக்குச் சொன்ன ஆட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல். மற்றதெல்லாம் சுற்றி வளைப்பு.

அன்றைக்கு அஸருக்கு முந்தி என்னைக் கிட்டக் கூப்பிட்டீங்க. பயணம் போறவங்க கேட்கிற மாதிரிக் கேட்டீங்க, "இவ்வளவு காலமும் உனக்கு நான் என்ன பிழை செய்திருந்தாலும் பொறுத்துக்க புள்ள." நான் அழுதுகொண்டு பொறுத்தேன் என்றேன். "நீயும் கேளு" என்றீங்க. நானும் கேட்டேன். "அல்லாஹ்வுக்காகப் பொறுத்தேன்" என்றீங்க. அதோட ரெண்டு பேருக்கும் நடுவில ஒன்றும் மிச்சமில்லை. ஒரு மணித்தியாலம் கூடப் போகல்ல, நான் பொய் சொன்னேன்.

ஆட்டம் முடியப் போகுது. கோல் இல்லை. வெளியூர்ப் பிள்ளையொன்று நம்மட இடது பக்கத்தால தனியா வந்து உள்ளே போட்டுவிட்டான். கிரவுண்ட் அலறினது. நீங்க தலையைத் தூக்கினீங்க. "என்ன புள்ள நடந்த?" உங்கட முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்துக் கிடந்தது. "நம்மட கோல்தான்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லல்ல நீங்க. பிறகு, "அல்ஹம்துலில்லாஹ். நல்லாப் பார்த்துச் சொன்னாய்" என்றீங்க. ரெண்டு மிடறு தேத்தண்ணி குடித்தீங்க. சுபஹுக்கு முன்னம் நீங்க இல்லை.

ஜனாஸாவுக்கு வந்தவங்க எல்லாம் "சந்தோசமாப் போயிட்டாரு" என்றாங்க. எனக்கு அது நெஞ்சில முள். ராத்தாக்கு மட்டும் சொன்னேன். "வருத்தக்காரன்ட மனசைக் குளிரப்பண்ணினாய், அல்லாஹ் மன்னிப்பான்" என்றா. அல்லாஹ் மன்னிப்பான்தான். ஆனால் மனிசனுக்குச் செய்ததை மனிசனிட்டக் கேட்க வேணாமா? பொறுக்கச் சொல்லிக் கேட்கிற நேரம் பொய்க்கு முந்தியே முடிஞ்சிபோச்சே.

இத்தா முடியிற மட்டும், நாலு மாதமும் பத்து நாளும், இந்த அறைதான். பிற ஆம்பிளைகளைப் பார்க்கக் கூடாது, படியில ஏறக் கூடாது. நம்மட கல்லூரிப் பிள்ளைகள் அந்தத் தோல்விக்குப் பிறகும் தட்டித்தடவி இறுதி ஆட்டத்துக்கு வந்திட்டாங்க என்று நம்மட மூத்த மகன் வந்து சொன்னான். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் சுபஹ் தொழுத கையோட மதிலில பந்து படுகிற சத்தம். ரெண்டு மெதுவா, ஒன்று பலமா. திரும்ப ரெண்டு மெதுவா, ஒன்று பலமா. நீங்க அந்தக் காலம் மதிலில அடிச்சுப் பழகின மாதிரி. "ராத்தா, மதிலில ஆரோ அடிக்கிறாங்க" என்றேன். "தென்னையில குரும்பட்டி விழுகுது, ஓதிப்போட்டுப் படு" என்றா. குரும்பட்டி எண்ணிக்கொண்டா விழும்?

சரி, ஆட்டத்துக்கு வாறேன்.

விசில் கேட்டவுடன் உங்கட கட்டிலுக்குப் பக்கத்தில போய் நிலத்தில இருந்தேன். ஒன்றையும் பார்க்க ஏலாது. முதலில வெறும் இரைச்சல்தான். பிறகு காது பழகிப்போச்சு. நிலத்தோட உருட்டுகிற பந்துக்குச் சத்தம் இல்லை. தூக்கி அடிக்கிற பந்துக்குத்தான் 'டொம்' என்று சத்தம். முதல் பாதி முழுக்க டொம், டொம். அந்த நேரம் கடல் காற்றும் எழும்பிவிட்டது. எதிர்க்காற்றில தூக்கித் தூக்கி அடிச்சால் பந்து திரும்பி வராமல் என்ன செய்யும்? கோல் கீப்பரின் வாயில இருந்து ஒரு சொல் வரல்ல. பின்னால நிற்கிறவன் கதைக்காட்டி முன்னால நிற்கிறவன் குருடன் என்று நீங்க சொல்லுவீங்களே, அதுதான் நடந்தது.

ஒரு குரல் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. "இடதை அடை! இடதை அடை!" மதிலுக்கு ஒட்டினாப்போல, அடித்தொண்டையால. கோச்சுக்கும் உங்கட தொண்டைதான் என்று நினைத்தேன்.

ஒருத்தரும் அடைக்கல்ல. இடது பக்கத்தாலதான் போனது கோல். அப்பதான் மச்சான் கோல் விழுகிற சத்தத்தை நான் முதல் தரம் கேட்டேன். இவ்வளவு நாளும் படியில நின்று பார்த்தேனே தவிரக் கேட்கல்ல. அலறல் தூரத்தில, கடற்கரை றோட்டுப் பக்கம் வெடித்தது. வெளியூராக்கள் நிற்கிறது அங்கதான். நம்மட ஆக்கள் நிற்கிறது நம்மட மதிலடி நிழலில. அந்த மதிலடி மௌத்து வீடு மாதிரிச் சத்தமில்லாமல் கிடந்தது. ஆரோ ஒருத்தன் "ச்சே" என்று செருப்பை நிலத்தில அடித்தான். அது கூடக் கேட்டது.

"அவங்கட கோல்" என்று கட்டிலுக்குச் சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். கண் இல்லாமல் நானே சொல்லிவிட்டேனே. ஆரும் எனக்குச் சொல்லல்லையே.

இரண்டாம் பாதி காற்று நம்மட முதுகுக்கு. பிள்ளைகள் பந்தை நிலத்தில இறக்கினாங்க. இந்த வருடத்திலேயே நல்லா விளையாடினது அந்தக் கொஞ்ச நேரம்தான். 'டொம்' நின்று, மதிலடியில மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும். பிறகு மதிலே நடுங்கினது. அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கினது. ஜன்னல் சேலை உள்ளே புடைத்து வந்து என் முகத்தில பட்டுத் திரும்பிப் போனது. நம்மட கோலுக்கு இப்படித்தான் கேட்கும். சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்.

கடைசியில திரும்பவும் தூரத்தில வெடித்தது. ரெண்டுக்கு ஒன்று. தோற்றுப்போனோம் மச்சான். இந்தத் தரம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

பொழுதுபட்டு மஃரிபுக்கு மூத்தவன் உள்ளே வந்தான். "ரெபரிதான் உம்மா கெடுத்த" என்றான்.

"ரெபரி இல்லை. முதல் பாதியில எதிர்க்காற்றில தூக்கி அடிச்ச, இடது பக்கத்தைத் திறந்து போட்ட. தோற்றது நியாயம்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "உம்மா, நீங்க படியில ஏறினீங்களா?"

"இல்லடா, கேட்டேன். கோச் அவ்வளவு கத்தினாரே இடதை அடை என்று, ஏன் கேட்கல்ல அவங்க?"

"ஆரு கத்தின? கோச்சுக்குத் தொண்டை கட்டி ரெண்டு நாள். கையாலதான் காட்டிக்கொண்டு நின்றாரு. நான் மதிலடியிலதான் நின்ற, ஒருத்தரும் கத்தல்ல."

ராத்தா வாசலில நின்று ஆயத்துல் குர்ஸியைக் காவலுக்கு ஓதத் தொடங்கினா. மௌத்தானவங்க திரும்பி வாறல்ல என்று எனக்கும் தெரியும். எனக்குப் பயம் அந்தக் குரலில இல்லை.

ரெண்டு வருடம் அந்தக் கட்டிலில கிடந்து கேட்டவர் நீங்க. ஒரே ஆட்டத்தில எனக்கு விளங்கினது உங்களுக்கு விளங்காமலா இருந்திருக்கும்? நான் சொல்ல முன்னமே எல்லாக் கோலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு தரமும் "என்ன புள்ள நடந்த" என்று கேட்டிருக்கிறீங்க. அன்றைக்கும் தூரத்தில வெடித்ததைக் கேட்டிருப்பீங்க, மதிலடி செத்துக் கிடந்ததையும் கேட்டிருப்பீங்க. அதுக்குப் பிறகுதான் என் வாயில இருந்து அந்தப் பொய் வந்தது. அந்தக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் கிடந்தீங்களே, அதைத்தான் இப்ப நான் சுமந்துகொண்டு இருக்கிறேன். தொழுகையிலயும் அதுதான், சோற்றுக் கோப்பைக்கு முன்னாலயும் அதுதான்.

மச்சான், பொய் என்று தெரிந்துதான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னீங்களா? சொல்லும்போது, நான் கேட்காமலே என்னைப் பொறுத்தும் விட்டீங்களா?