குறுக்கே

12 செப்டம்பர் 1998

அமெரிக்காவில் மேலே படிக்க எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கான ஆங்கிலச் சொற்களில் இன்று 'த்வார்ட்'. தடுப்பது, முறியடிப்பது என்று அர்த்தம். பெரிய அகராதியைப் புரட்டினால், ஆதியில் அதற்குக் 'குறுக்கே' என்பதுதான் பொருளாம். வட ஐரோப்பியக் கடலோடிகள் கொண்டுவந்த சொல். படகில் குறுக்கே போடும் பலகைக்கும் அதே பெயர். எனக்கென்ன புதிதா? குறுக்கே வராதே, குறுக்கே பேசாதே என்று கேட்டுக் கேட்டுத்தானே வளர்ந்தேன். படித்தவுடன் மனதில் நின்றுவிட்டது.

20 செப்டம்பர்

தேர்வு அக்டோபர் 8, சென்னையில். அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். அமெரிக்கா போன மஹேஷ் அண்ணா இப்போது வீட்டுக்குப் போன்கூடச் செய்வதில்லை. நானும் போனால் அப்படித்தான் என்று நினைக்கிறார். அவன் செய்ததற்கு எனக்கா தண்டனை?

21 செப்டம்பர்

கத்தினால் சமாளித்துவிடலாம். பேசாமலே இருக்கிறாரே, அதை எப்படிச் சமாளிப்பது?

4 அக்டோபர்

கொல்லைக் கதவில் புதுப் பூட்டு. அப்பா சாலைக் கடைத்தெருவில் வாங்கினாராம். சாவி அவர் பூணூலில்.

6 அக்டோபர், ரயிலில்

பையோடு வந்தால், அப்பா வாசற்படியை அடைத்துக் குறுக்கே பாய் விரித்துப் படுத்திருக்கிறார். படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது. பெற்றவரைத் தாண்டுவது மகாபாவம். தெரிந்துதான் படுத்திருக்கிறார்.

"போகணும்னா என்னைத் தாண்டிண்டு போ."

அம்மா அடுக்களை வாசலில் நின்று அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் — தாண்டிவிட்டேன். துப்பட்டா அவர் முகத்தில் பட்டது. தாண்டினவர் திரும்பத் தாண்டினால் தோஷம் போகும் என்பார்கள். அதையும் பிடித்துக்கொண்டார்.

"நீ திரும்பத் தாண்டினாத்தான் எழுந்திருப்பேன். அதுவரைக்கும் பச்சைத் தண்ணி கிடையாது."

சொன்னதைச் செய்கிற மனுஷன்.

7 அக்டோபர், மாம்பலம், சித்தி வீடு

திரும்பிப் போய்விடலாமா? எந்த முகத்தோடு பரீட்சை எழுதுவேன்? தாங்காமல் வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தாள்.

"அப்பா நேத்தே எழுந்தாச்சு. ரசஞ்சாதம் சாப்ட்டார். நீ சமாதானமா எழுது, கேட்டியா."

அப்பாடா.

8 அக்டோபர்

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். இன்றே ரயில்.

9 அக்டோபர், கரமனை, எங்கள் வீடு

பாதித் தெரு எங்கள் வாசலில் நின்றது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அப்பா அதே பாயில், உதடு வெடித்து. அம்மா போனில் சொன்னது பொய். நான் பரீட்சை எழுத வேண்டும் என்று சொன்ன பொய். அவளை எப்படித் திட்டுவேன்?

தாண்டி உள்ளே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேன் அப்பா, தாண்டியாச்சு, எழுந்திருங்கோ" என்றேன். மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"எழுதிட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மா சொன்ன பொய்யே போதும் என்று தோன்றியது. எழுதிட்டேன் என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். நான் திரும்பத் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.