ஞாயிற்றுக்கிழமைக் குரல்

இரும்புலியூர்
15.6.98

அன்பு மகன் எலியேசருக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டுகிறோம். உன் கடிதம் வந்தது. நம் உடம்பு எது அந்நியம் எது என்று ரத்த அணுக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பிதான், அதில் கட்டி வந்தால் ஆன் ஆக வேண்டிய சில ஜீன்கள் ஆன் ஆவதில்லை, அரைகுறையாகப் படித்த அணுக்கள் வெளியே போய், நரம்பு சொல்வதைத் தசை கேட்கவிடாமல் செய்கின்றன, உங்கள் லேபில் பார்ப்பதே அதைத்தான் என்று எனக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தாய். தாம்பரம் ரயில்வே கார் ஷெட்டில் எலக்ட்ரீஷியனாகக் குப்பை கொட்டியவன், எந்த வயர் எங்கே விட்டுப்போயிற்று என்று தேடிப் பிடித்துவிடுவேன். அம்மாவுக்கு மட்டும் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கட்டியை எடுத்தாயிற்று, இனி சரியாகிவிடும் என்று நானும்தான் நம்பினேன். கட்டி போனாலும் அது முன்னாடியே வெளியே அனுப்பின அணுவெல்லாம் போகலையே சார், பொறுமையா இருங்க என்கிறார் டாக்டரம்மா.

அம்மா குரல் கணீரென்று இருக்கிறது, ஆபரேஷன் கைகொடுத்துவிட்டது என்று நீ எழுதியதில் அவளுக்கு ஒரே பெருமை. அது எப்படி வந்த குரல் என்று எனக்குத்தான் தெரியும். காலையில் நன்றாகப் பேசுவாள், பொழுது சாயச் சாய இமை தொங்கி, குரல் மூக்குக்குள் போய்விடும். ஞாயிறு ராத்திரி உன் போன் வரும் என்று அன்றைக்குக் காலையிலிருந்தே வாய் திறப்பதில்லை. சர்ச்சில் பாட்டுக்குக்கூட உதடு அசையாது. பக்கத்து வீட்டு ரத்தினம், இன்னா கோவம் எம்மேல, பேசவே மாட்டேன்ற என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அப்படிச் சேர்த்து வைத்த குரலைத்தான் நீ கேட்டாய். நேற்று உன் போன் தாமதமாக வந்தது, அதற்குள் மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது. அவள் சைகை காட்டியதால்தான் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். என் பக்கத்தில்தான் இருந்தாள். நீ பேசியது பூராவும் ரிசீவரில் காதை ஒட்டிக் கேட்டாள், என் முகத்தைப் பார்க்க இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மூச்சு முட்டினால் உடனே கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆட்டோ ஜெபராஜிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லையப்பா.

இனிமேல் இங்கே ஞாயிறு காலை ஏழு மணி ஆகும்போது போன் செய், உனக்கு அது முந்தின நாள் ராத்திரி. மறந்துவிடாதே. நான் எழுதியதாக அம்மாவிடம் சொல்லாதே, அந்த நேரத்தில் சார்ஜ் கம்மி என்று சொல். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மாவைத் தாராளமாகப் பேச விடு. உன்னோடு பேசியது போக மிச்சமிருந்தால், ஞாயிற்றுக்கிழமையில் எனக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

உன் அப்பா
ஜெபசீலன்