உன் கூடையில் என் கொழுந்து

என் வீம்புக்காரி அக்கா செல்லம்மாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. செத்தவளுக்கு என்ன நலவிசாரிப்பு? மூன்று வருஷமாக உன் படத்துக்குப் பூ வைத்து, விளக்கேற்றி, நல்ல தங்கச்சியாக நின்றாயிற்று. இன்றைக்கு வாயைத் திறக்கிறேன். உன்மேல் எனக்கு அப்படியொரு கோபம்.

உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. நீ போன அடுத்த வருஷமே மார்பில் கட்டி. கண்டியில் ஆபரேஷன் செய்தார்கள், அக்குளுக்குள் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கொட்டின முடி திரும்ப முளைத்துவிட்டது. வலது கைதான் வீங்கிப்போய் நிற்கிறது, உன் கை நின்ற மாதிரியே. நீர் வடிய வழியில்லாமல் கைக்குள்ளேயே தங்கிவிடுகிறதாம்.

கிளினிக்கில் ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸ் மிஸ் இருக்கிறாள். தோள்வரைக்கும் இறுக்கமான உறை ஒன்றை மாட்டிவிட்டாள். "வேலைக்குப் போகலாம் அக்கா. ஆனா ஒரேயடியாப் பாரம் தூக்காதேங்கோ. கீறல் படவிடாதேங்கோ. கை சிவந்தா அண்டைக்கே வாங்கோ" என்றாள். தேயிலைச் செடிக்குள் நாளெல்லாம் கையை விடுகிறவளிடம் கீறல் படக்கூடாதாம். சிரிப்பதா, அழுவதா? மறுநாள் உறையோடு மலைக்குப் போனேன். "என்னடி, தொரைசாணி மாதிரி ஒத்தக் கையில உறை?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அவள் கேட்டதைக்கூட விட்டுவிடலாம். எங்கள் வயல் ஐயா, அதுதான் மலையில் எங்களை வேலை வாங்குகிறவர், லேசான வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிய துண்டுச்சீட்டை வாங்கி நாலாய் மடித்துத் திருப்பித் தந்தார். "இதே கையோட ஒங்கக்கா கடைசிவரைக்கும் முழுப்பேர் போட்டா. ஒனக்கு மட்டும் என்ன வந்திச்சு?"

முழுப்பேர்! சொன்ன கிலோ கொழுந்தை எடுத்தால் முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். உன் முழுப்பேர் எப்படி வந்தது என்று உனக்கும் எனக்கும்தானே தெரியும்?

நிறுவைக்குப் போகுமுன் புதர் மறைவில் என்னைக் கூப்பிடுவாய். "ரெண்டு கை அள்ளிப் போடுடி." போடுவேன். ரெண்டு கை அஞ்சு கையாகும். உன் கூடை நிறையும், என் கூடை குறையும். "ஐயாக்கிட்ட சொல்லி லேசான வேல கேளேன்" என்றால், "நோயாளின்னா பேரையே வெட்டிருவானுங்க" என்பாய். அத்தானுடைய முழுக்கைச் சட்டையை மாட்டி அந்தக் கையை மறைத்துக்கொள்வாய்; நீ போனபிறகுதான் ஐயாவுக்கே அது தெரிந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று உன் மகள் தலைமேல் என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாய்.

அப்புறம் ஒரு முள் கீறியது. கை சிவந்து அனலாய்க் கொதித்தது. அப்போதும் மூன்று நாள் மலைக்கு வந்தாய். நாலாம் நாள் நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடும்போது நேரம் கடந்துவிட்டது. ஏன் அக்கா? கொழுந்தா உன்னைக் காணவில்லை என்று அழுதது? நான் அள்ளிப் போடாமல் இருந்திருந்தால் நீ எப்போதோ மாட்டிக்கொண்டிருப்பாய், லேசான வேலைக்குப் போயிருப்பாய், இருந்திருப்பாய். இதை நினைக்காத நாளே எனக்கில்லை. இந்தப் பாவத்திலும் பாதியை என் தலையில் கட்டிவிட்டுத்தானே போனாய்?

போன மாதம் என் கையும் சிவந்தது. அன்றைக்கே பஸ் ஏறிப் போனேன். ஊசிபோட்டு, நாலு நாள் படுக்கவைத்து அனுப்பினார்கள். திரும்பிவந்த முதல் நாளே ஐயா என்னைச் செங்குத்தான மலைக்குப் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கண்டியில் துணிக்கடையில் நிற்கிற உன் மகளுக்குப் போன் எடுத்து, சத்தியம் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "என் தலைக்கு ஒண்ணும் ஆகாது சித்தி. நீங்க எல்லார் முன்னாலயும் சொல்லுங்க" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பெரட்டில், எல்லாரும் பேர் கொடுக்க நிற்கும்போதே சொன்னேன். "ஐயா, எங்கக்கா முழுப்பேர் போடல. என் கொழுந்த அவ கூடையில கொட்டினேன்."

"செத்தவ மேல பழி போடுறியா? இல்ல, ரெண்டுபேரும் சேந்து தோட்டத்த ஏமாத்துனீங்களா?" என்று கத்தினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். யார் தெரியுமா? முத்துலெச்சுமி. பீலிக் குழாய்த் தண்ணீருக்காக உன்னோடு குடத்தைத் தூக்கிச் சண்டைபோட்டு, சாகும்வரைக்கும் நீ முகம் பார்க்காதவள் என்று நாங்கள் நம்பியிருந்தோமே, அவள். "நானுந்தான் ஐயா போட்டேன். என்கிட்ட மட்டுந்தான் கேட்டான்னு நெனச்சேன்." அதற்குப்பிறகு இன்னும் மூன்று பேர். எல்லாரிடமும் அதே சத்தியம், அதே பிள்ளை தலை! பொம்பளைகள் உன்னைத் திட்டினார்கள், சிரித்தார்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் அழவில்லை. என்னை மட்டும் நம்பினாய் என்று இத்தனை வருஷம் பெருமையாக அல்லவா இருந்தேன்? அந்தப் பெருமையிலும் மண்.

ஐந்து பேரை நிறுத்தினால் கொழுந்தெடுக்கும் நிரைக்கு ஆள் ஏது? ஐயா வாயை மூடிக்கொண்டார். இப்போது எனக்குச் சமமட்டமான மலை. அரைக்கூடை நிறைந்ததும் முத்துலெச்சுமி வந்து இறக்கிக்கொண்டு போகிறாள். தன் கொழுந்தில் ஒரு பிடியை அவள் போட வந்தாள், கையைத் தட்டிவிட்டேன். தராசில் என் கொழுந்து மட்டும்தான். பாதி நாள் அரைப்பேர்தான் விழுகிறது. வீட்டில் முணுமுணுப்பு. முணுமுணுக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். கை சிவந்தால் அன்றைக்கே போவேன். வலித்தால் வலிக்கிறது என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்துவேன். உன்னைப்போல கெட்டிக்காரி என்ற பேர் எனக்கு வேண்டாம். பல் விழுந்த கிழவியாகி, நாளுக்கொரு தடவை உன்னைத் திட்டிக்கொண்டு இங்கேயே இருக்கப்போகிறேன்.

வருகிற தையில் நீ செத்த வயதைத் தாண்டி உன்னைவிட மூத்தவளாகப்போகும்
உன் தங்கச்சி,
மாரியாயி