வெளிக்கிடுறன், ஆர் வாறியள்?

மச்சான்,

வன்னிப் பெருநிலத்தின் அத்தனை குளங்களின் மீதும், அவற்றில் வெயில் காயும் அத்தனை முதலைகளின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. என் மனிசி நம்பமாட்டா. எங்கள் அலுவலகத்துக் காவலாளி நம்பமாட்டார். தேர்தல் மேடையில் சொல்கிறதையே நம்புகிற மனிசன் அவர். கதை முழுக்கத் தெரிந்த நீயே நம்பமாட்டாய்.

இன்று பின்னேரமும் நீ கூப்பிட்டாய். வேலை முடிகிற நேரம், மேசையில் கிடந்த என் ஃபோன் அதிர்ந்து, மூக்கால் வருகிற உன் குரலில் கேட்டது: "வெளிக்கிடுறன், ஆர் வாறியள்?" அடுத்த மேசையிலும் கேட்டது. மாடி முழுக்க, தேத்தண்ணி அறையில்கூட, நீ கேட்டாய். நீ செத்து ஒரு மாரிமழைக் காலம் கழிந்துவிட்டது. செத்த பிறகும் ஒழுங்காக வேலைக்கு வருகிற ஆள் நீ ஒருத்தன்தான். நான் உயிரோடிருந்துகொண்டே அடிக்கடி லீவு போடுகிறேன். இதிலும் என்னை வென்றுவிட்டாய், பாவி.

உன்மேல் எனக்குப் பொறாமை வந்த நாள் எனக்கு நல்ல நினைவு. வவுனியா நகரத்து அந்த இரண்டு மாடிக் கட்டடத்தில் வெளிநாட்டு விடுதிகளுக்கு மென்பொருள் எழுதும் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும்தான் நரைத்த தலைகள். நீ எழுதுவாய், நான் அதில் பிழை பிடிப்பேன். சம்பளம் வாங்கிக்கொண்டு உன்னைக் குறை சொல்வது கடவுள் எனக்கென்றே படைத்த தொழில். அப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், வயதில் எங்களுக்கு இளைய மனேச்சர் தம்பி எல்லாரையும் கூட்டிவைத்து அறிவித்தார்.

"உங்கடை ஓய்வு நேரத்திலை, எங்கடை கொம்பனிக்கு எண்டு ஆளுக்கொரு ஆப் செய்யுங்கோ. கட்டாயம் ஒண்டுமில்லை. ஆனால் ஆர் செய்யினம், ஆர் செய்யேல்லை எண்டு நான் பாத்துக்கொண்டுதான் இருப்பன்."

நீ கையை உயர்த்தினாய். "தம்பி, ஓய்வு நேரம் எண்டால் எது? அஞ்சு மணிக்குப் பிறகு இஞ்சை இருக்கிறமே, அதுவோ?"

எல்லாரும் சிரித்தார்கள், தம்பி உட்பட. ஆனால் நீ கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் வேலை முடிந்தாலும் கதிரையை விட்டு ஒருத்தரும் எழும்புவதில்லை. முதலில் எழும்புகிறவனை மற்றவர்கள் பார்க்கும் பார்வையில் தேங்காய் வெடிக்கும். அதனால் எல்லாரும் எல்லாரையும் பார்த்தபடி, ஒன்றும் செய்யாமல், இருட்டும்வரை திரையை முறைத்துக்கொண்டிருப்போம். பிறகு ஓமந்தைக்கும் நெடுங்கேணிக்கும் போகிறவர்கள் கடைசி பஸ்ஸின் மிதிபலகையில் தொங்குவார்கள்.

நான் அன்றே தொடங்கினேன். என் செயலியின் பெயர் "சக்கரவர்த்தி". லீவு கேட்க, தேத்தண்ணிக்குச் சொல்ல, பிறந்தநாள் பார்க்க, ராகுகாலம் பார்க்க, மழை வருமா என்று பார்க்க, மனேச்சரின் மனநிலை எப்படி என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் அதில் பொத்தான் இருந்தது. அதைத் திறக்கும்போது எழுகிற மேளச் சத்தத்தில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன என்று கேள்வி. அதைத் தம் ஃபோனில் ஏற்றியவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் நான். மற்றவர் காவலாளி, அவர் வேறு எதையோ அழுத்தப்போய் ஏறிவிட்டது.

நீ செய்ததில் ஒரேயொரு பொத்தான். மோட்டச்சைக்கிள் வைத்திருக்கிறவன் வீட்டுக்கு வெளிக்கிடும்போது அதை அழுத்தவேண்டும். எல்லார் ஃபோனிலும் உன் குரல் கேட்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் "வாறன்" என்று தட்டினால், பின்சீட் ஒருத்தருக்குக் கிடைக்கும். ஆருக்கு என்பதில்தான் உன் கைவரிசை. வீடு ஆருக்கு ஆகத் தூரமோ, அவருக்கு.

"இதென்னடா நியாயம்? முதல் தட்டினவனுக்கெல்லோ குடுக்கவேணும்?" என்று கேட்டேன். என் வீடு ஓமந்தை, ஏ9 பாதையில் முதலாவதாக வருகிற ஊர். உன் விதிப்படி எனக்கு எந்தக் காலத்திலும் சீட் இல்லை.

"எங்கடை வாய்க்காலிலை தண்ணி முறை அப்பிடித்தான்," என்றாய். உன் வயல் கனகராயன்குளத்தில், வாய்க்காலின் கடைசியில். "தண்ணி குறைஞ்ச வருசம் கடைமடைக்காரனுக்குத்தான் முதல் முறை. கடைமடை நனைஞ்சால் தலைமடை தானாய் நனையும்."

"அப்ப நான் தலைமடையோ?"

"ஓம். நீ நடந்தும் போவாய்."

ஒரு கிழமைக்குள் அலுவலகம் முழுக்க உன் செயலிதான். ஏனென்றால் உன் குரல் கூப்பிட்டதும் நாலைந்து பேர் சேர்ந்து எழும்பினார்கள். சேர்ந்து எழும்பினால் முறைக்க ஆளில்லை. ஐந்து மணிக்குக் கதிரைகள் வெறித்துப்போயின. நந்திக்கடல் வற்றி நின்றதுபோல அலுவலகம் கிடந்தது. ஆட்களின் ஓய்வு நேரத்தைக் கேட்டு வாங்க வந்த மனேச்சர் தம்பி, அந்த நேரம் எல்லாம் மோட்டச்சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போவதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவும் முடியாது. அவர்தானே செய்யச் சொன்னவர்! பாராட்டியே தீரவேண்டியதாகிவிட்டது. மேடை போட்டு, மாலை போட்டு, முதற்பரிசு என்று ஒரு ரைஸ் குக்கரைத் தூக்கி உன் கையில் தந்தார்.

அன்று வேறு ஒருத்தரும் தட்டாதபடியால் உன் பின்சீட் எனக்குக் கிடைத்தது. அந்த ரைஸ் குக்கரை வவுனியாவிலிருந்து ஓமந்தை வரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவன் நான். உன் பரிசை, மச்சான், என் மடியில்! அது முந்நூறு அந்தர் பாரம். வழியில் நின்ற மாடுகளெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன. ஓமந்தையில் இறங்கியபோது, "பிடிச்சுக்கொண்டு வந்ததுக்கு நன்றியடா, சக்கரவர்த்தி," என்றாய். அன்றிரவு எங்கள் வீட்டில் புட்டு. சோறு என்ற சொல்லையே நான் காதில் வாங்க விரும்பவில்லை.

அடுத்த நாள் செயலிக்குள் போய் என் வீட்டை நெடுங்கேணிக்கு மாற்றினேன். பிழை பிடிப்பவன் நான். ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியாதா? ஆட்கள் சொல்லும் ஊரை அப்படியே நம்புகிற செயலி அது. அன்று தொட்டு ஆருடைய பின்சீட் என்றாலும் எனக்குத்தான். ஓமந்தை வந்ததும் தோளில் தட்டி இறங்கிவிடுவேன். எல்லாருக்கும் தெரிந்த கள்ளம், ஆனால் நரைத்த தலைக்கு மரியாதை.

புதிதாகச் சேர்ந்த நவாஸுக்கு மட்டும் தெரியாது. தகப்பன் முல்லைத்தீவில் மீளக் குடியேறிக் கடை போட்டிருந்தபடியால் வெள்ளிக்கிழமைகளில் நெடுங்கேணிப் பாதையால் போகிற பெடியன். ஓமந்தையில் தோளில் தட்டினேன்.

"அண்ணை, நெடுங்கேணி எண்டெல்லோ காட்டுது?"

இருபது வயது மூத்தவன் நான் ஒரு பெடியனிடம் எப்படிச் சொல்வது? "ஓமோம், நெடுங்கேணிதான். இதிலை காத்து நல்லாயிருக்கு எண்டு தட்டினனான்."

புளியங்குளத்தில் திரும்பிக் காட்டோரப் பாதையில் போனோம். யானைகள் நூறு வரிசையாக நின்று எங்களுக்கு வழிவிட்டன. ஒரு சிறுத்தை தன் குட்டிக்கு என்னைக் காட்டி, "அங்கை பார், வீடு தாண்டிப் போறார் ஒரு அறிவாளி," என்றது. நெடுங்கேணிச் சந்தியில் என்னை இறக்கிவிட்டு, "இறக்கியாச்சு" என்று செயலியில் பதிந்து, ஸலாம் சொல்லிவிட்டு நவாஸ் போய்விட்டான். திரும்பி வர பஸ் இல்லை. மனிசிக்கு எடுத்துச் சொல்ல வாய் இல்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போது நீ வந்தாய். நான் கூப்பிடவில்லை. உன் செயலி எங்கே எவரை இறக்கியது என்று நீ வீட்டிலிருந்து பார்ப்பாய் போலும். இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டி, "தலைமடைக்காரனுக்குக் கடைமடையிலை என்ன வேலை?" என்று மட்டும் கேட்டாய். ஓமந்தை வரை வேறு கதையில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் நீ இதைச் சொல்லிச் சிரிப்பாய் என்று நான் பதில்கள் எல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். நீ ஒருத்தருக்கும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆக எரிச்சல். நானாக இருந்திருந்தால் பறையறைந்திருப்பேன்.

பிறகு போன மாரியில், வயல் வரம்பில் நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாய் என்றார்கள். ஆஸ்பத்திரி வரை போய்ச் சேரவில்லை.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவுக்கு அலுவலகம் முழுக்க உன் வீட்டுக்கு வந்தது, எல்லாம் உன் பின்சீட் முறைப்படிதான். சாப்பிட்டு எழும்பிய எவனோ பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டான். முற்றத்தில் இருந்த அத்தனை சட்டைப் பைகளிலிருந்தும் நீ கேட்டாய்: "வெளிக்கிடுறன், ஆர் வாறியள்?"

உன் மனிசி கையில் அகப்பையோடு குசினியால் ஓடி வந்தா. மாலை போட்டிருந்த உன் படத்தைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா. அழுத்தியவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவா என்னைப் பார்த்துத்தான் சொன்னா:

"அண்ணை, இன்னொருக்கா அழுத்தச் சொல்லுங்கோ."

இப்போது விசயத்துக்கு வருகிறேன். போன மாதம் மனேச்சர் தம்பி என்னைக் கூப்பிட்டார். செய்தவர் இல்லாத செயலிகளை மூடப்போகிறார்களாம். ஆராவது தன் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ள முன்வந்தால் மட்டும் வைத்திருக்கலாமாம். "அண்ணை, உங்கடை சக்கரவர்த்தியை அந்த இடத்துக்குக் கொண்டுவருவமோ? உங்களுக்கும் ஆசை இருக்குந்தானே?"

ஆசையா! எத்தனை வருசம் காத்திருந்தேன். மேளச் சத்தம் என் காதில் கேட்டது. நான் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே போதும். உன் குரல் நின்றுவிடும். உன் மனிசியின் ஃபோனிலும் உன் செயலியை ஏற்றிக் கொடுத்திருக்கிறோம். ஐந்து மணிக்கு அவா அதைக் கேட்டுவிட்டுத்தான் விளக்கேற்றுகிறாவாம்.

"உந்த வெளிக்கிடுற ஆப்பையே நான் பாக்கிறன் தம்பி," என்றேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே ஐயம்.

"அப்ப குரலையாவது உங்கடை குரலாய் மாத்துங்கோவன்."

மாற்றிப் பார்த்தேன், மறைக்கமாட்டேன். கூத்தில் வருகிற அரசன் கொட்டாவி விட்டதுபோல இருந்தது. அழித்துவிட்டேன்.

இப்போது என் ஓய்வு நேரம் முழுக்க உன் செயலிக்குத்தான். புது ஃபோன் வந்தால் சரிக்கட்டுவதும் நான், கெட்டால் திருத்துவதும் நான். பேர் உனக்கு. அன்றைக்கு ரைஸ் குக்கர், இன்றைக்கு இது. எப்போதும் உன் பரிசு என் மடியில்தான். பழைய மோட்டச்சைக்கிள் ஒன்றும் வாங்கிவிட்டேன். வீட்டுக்குப் போக நான் பொத்தானை அழுத்தினால், அங்கேயும் நீதான் கேட்கிறாய். என் வெளிக்கிடலைக்கூட உன் வாயால்தான் சொல்லவேண்டிக் கிடக்கிறது.

சரி, ஆணையிட்டுவிட்டேன், முதலைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. யானைகள் பொய். சிறுத்தை பொய். இரணைமடுக் கதவுகள் பொய், முந்நூறு அந்தரும் பொய். நெடுங்கேணிச் சந்தியில், மழை தூறத் தொடங்கிய நேரம், கூப்பிடாமலே ஒருத்தன் இரண்டாவது ஹெல்மெட்டோடு வந்தான் என்ற அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை. செயலியில் என் வீடு இன்னும் நெடுங்கேணியில்தான் இருக்கிறது. அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் என் பின்சீட்டுக்குத் தட்டுகிறார்கள். நானும் ஓமந்தையில் நிற்காமல் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன்.