நான் ஓட்டினால் மட்டும் ஆடும் முள்

மார்ச் 3, திங்கள்

காரின் ஸ்பீடோமீட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் தபால் நிலையத் தெருவில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். முப்பதில் இருந்த முள் திடீரென்று பூஜ்ஜியத்தில் விழுந்தது, எழுந்தது, நூற்றிப் பத்துக்குத் தாவியது. அந்த நேரத்தில் ஒரு காய்கறித் தள்ளுவண்டி எங்களை முந்திக்கொண்டு போனது.

“மெதுவாப் போ, மெதுவாப் போ!” என்று பக்கத்து சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் கத்துகிறார். இதைவிட மெதுவாகப் போக வேண்டுமென்றால் இறங்கித்தான் தள்ள வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே ஆட்டம். இந்த மாதம் இருபத்தேழாம் தேதி ஓட்டுநர் தேர்வு. சொந்த வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும். மீட்டர் சரியில்லை என்றால் பரிசோதகர் வண்டியில் ஏறவே மாட்டார்.

மகள் பிறப்பதற்கு முன்பே வாங்கிய கார் இது. அதனால் வீட்டில் அதற்கு ‘மூத்தவன்’ என்று பெயர். மகளுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுக்கச் சொல்லிவிட்டுப் போகிற மனிதர், மூத்தவன் லேசாக இருமினால் அலுவலகத்துக்கு லீவு போடுவார்.

எனக்கு ஏன் லைசென்ஸ் என்று இவர் தங்கை கேட்டாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை எனக்கு. “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்டுக்கேட்டே பாதி ஆயுள் போய்விட்டது. இப்போது முதலாளியம்மா ஊரின் மறுகோடியில் இன்னொரு கடை திறக்கிறார். “நீங்கதான் பொறுப்பா இருந்து பாத்துக்கணும்” என்று என்னிடம் சொன்னார். காலையில் கடை திறக்கிற நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் ஓட்டத் தெரிந்தால் கடை. இல்லையென்றால் இல்லை.

வீட்டில் யாரிடமும் இவ்வளவு விவரமாகச் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்: எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு.

மார்ச் 6, வியாழன்

இவருக்கு வேலை குடிநீர் அலுவலகத்தில். ஆனால் காரின் பானெட்டைத் திறந்தால் அறுவைசிகிச்சை நிபுணர் ஆகிவிடுவார். கியர்பாக்ஸில் ஒரு சின்ன சென்சர் இருக்கிறதாம். சக்கரம் சுற்றுவதை எண்ணி, ஒயர் வழியாக மீட்டருக்குச் சொல்லி அனுப்புமாம். “கேபிள் கீபிள் எதுவும் கிடையாது, எல்லாம் எலக்ட்ரானிக்” என்றார், ஏதோ இவரே செய்துவைத்த மாதிரி.

புது சென்சர் வாங்கிவந்து மாட்டினார். சாயங்காலம் முழுக்கக் காருக்கு அடியிலிருந்து நீட்டிய இரண்டு கால்களோடுதான் குடும்பம் நடத்தினேன். காபி வேண்டுமா என்று கேட்டால் கட்டைவிரல் ஆடியது.

பிறகு இவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முள் சமர்த்துப் பிள்ளையாக நின்றது. “முடிஞ்சுது” என்று சொல்லி, என் புதுத் துண்டில் கையைத் துடைத்தார்.

மார்ச் 7, வெள்ளி

முடியவில்லை. நான் ஓட்டினேன். நூற்றிப் பத்து.

மார்ச் 9, ஞாயிறு

மீட்டர் பலகை முழுசாகக் கழற்றப்பட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். மகள் விடுமுறைக்கு ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். “அண்ணனுக்கும் ஒரு வாய் ஊட்டவா?” என்று கரண்டியை மீட்டர் பக்கம் நீட்டினாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்துப் பற்றவைப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடி என் கடையுடையது.

மாலையில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். ஒரு திருகாணி மிச்சம். “அது எக்ஸ்ட்ரா” என்றார்.

இவர் ஓட்டும்போது முள் ஒழுங்காக இருக்கிறது. என் கை பட்டால் பேயாட்டம். நாத்தனார் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டாள்: “சிலருக்கு மிஷின் ராசி இருக்காது அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க.” வைத்துக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

கார் எலக்ட்ரீஷியன் வந்தார். பாட்டரி முனைகளைச் சுரண்டினார், எர்த் ஒயரை இறுக்கினார், இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பெரிய சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

“கல்லு மாதிரி நிக்குது சார்.”

“இவ ஓட்டினா மட்டும்தான் ஆடுது” என்றார் இவர்.

அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம். “அக்கா, கிளட்ச்சை டக்குடக்குனு விடுறீங்களோ?”

கிளட்ச்சுக்கும் முள்ளுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன். “சம்பந்தம் இல்லைதான்... ஆனா வண்டி பயப்படும்ல?”

வண்டி பயப்படுகிறதாம். என்னைப் பார்த்து. இவர் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் 12, புதன்

என் கைப்பையில் காந்தக் கொக்கி இருக்கிறதாம், அதுதான் முள்ளை இழுக்கிறதாம். நாத்தனாரின் கண்டுபிடிப்பு.

மார்ச் 13, வியாழன்

கைப்பையை வீட்டில் வைத்தேன். போனை வைத்தேன். கைக்கடிகாரம், கொண்டை ஊசி, வளையல், செருப்பு, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன். பெரிய மருந்துக்கடை முனையில் முள் பூஜ்ஜியத்துக்கும் நூற்றிப் பத்துக்கும் நடுவில் ஊஞ்சல் ஆடியது.

“பல்லு அடைச்சிருக்கியே, அதுல ஏதாவது உலோகம்...” என்று ஆரம்பித்தார் இவர்.

இன்னும் என்னத்தைக் கழட்டறது? தலையையா?

மார்ச் 14, வெள்ளி

முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன், புதுக் கடைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று. சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. பிறகு கண்ணாடிச் சட்டங்கள் வைக்கிற அறைக்குள் போய் அழுதேன். சுற்றிலும் நூறு கண்ணாடிகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

எல்லோரும் சேர்ந்து சொன்னால் நம்பத்தானே தோன்றுகிறது? நான் ஓட்டினால் ஏதோ ஆகிறது. ஏதோ தப்பு என்னிடம்தான். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு எனக்கு?

முதலாளியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். இப்ப போய் மூஞ்சியக் கழுவுங்க.”

மார்ச் 15, சனி

இன்று கடைக்கு ஒருவர் வந்தார். புதுக் கண்ணாடி போட்டால் தலை சுற்றுகிறது என்று சண்டை. லென்ஸ் மாற்றினார், சட்டம் மாற்றினார், வேறு கடைக்குப் போய்ப் பவரும் மாற்றினார், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில். அப்புறம் எதனால் என்று எப்படித் தெரியும்? “ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கணும் சார், மத்ததை அப்படியே வச்சுட்டு” என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பொறி தட்டியது.

மூத்தவனுக்கு என்னென்ன மாற்றினோம்? சென்சர், பாட்டரி முனை, கைப்பை, செருப்பு. ஓட்டுகிற ஆளையும் மாற்றிப் பார்த்தாயிற்று. நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்காருகிற ஆளை மட்டும் ஒரு தடவைகூட மாற்றவில்லை.

பழகுகிறவருக்குப் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருந்தே ஆக வேண்டும். நாத்தனாரிடம் இருக்கிறது. கூப்பிட வேண்டும். வேறு வழியில்லை.

மார்ச் 16, ஞாயிறு

நாத்தனார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கைப்பையை நானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், காந்தக் கொக்கியோடு. தபால் நிலையத் தெரு, மருந்துக்கடை முனை, மேம்பாலம், திரும்ப வீடு. முள் இம்மி பிசகவில்லை.

“பாத்தீங்களா அண்ணி? என் ராசி!”

முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. அவளுக்கு எதற்கு என்று தெரியாது.

மார்ச் 17, திங்கள்

எழுதும்போது வருவது கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

நான் ஓட்டினேன். பக்கத்தில் இவர். பின் சீட்டில் மகள், இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு. அப்பாவைக் கவனி என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். முதல் முனையில் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. முள் தடாலென்று விழுந்தது. அதே நொடியில் மகள் கத்தினாள்: “அம்மா! அப்பா கால்!”

“என் காலுக்கு என்ன?”

“பிரேக் போடறீங்கப்பா!”

“எனக்கு ஏதுடி பிரேக்கு?”

ஆமாம், அவருக்கு ஏது பிரேக்? இல்லாத பிரேக்கைத்தான் இத்தனை நாளாக மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். சைக்கிள் வந்தால் மிதி. முனை வந்தால் மிதி. நாய் ஒன்று நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தது, அதற்கும் மிதி. ஒவ்வொரு மிதிக்கும் முள் துள்ளியது. இவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. “நான் பாட்டுக்கு ஆடாம அசையாம உக்காந்திருக்கேன்!” மகள் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். படத்தில் அவர் கால் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தது. அவரே வாயைப் பிளந்து பார்த்தார்.

திரும்பி வரும்போது சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார், முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. முள் கல்லாக நின்றது.

மார்ச் 18, செவ்வாய்

இவரே பக்கத்து சீட்டுக்கு முன்னாலிருந்த மிதியடியை எடுத்து, கார்ப்பெட்டைத் தூக்கினார். கீழே சென்சரிலிருந்து வருகிற ஒயர் இன்னொரு ஒயரோடு சேரும் பிளாஸ்டிக் இணைப்பு. அதன் பூட்டு உடைந்து, மிதிபட்டு மிதிபட்டு நசுங்கிக் கிடந்தது. அதன் மேல் கனமான கம்பளித் தடுப்பு இருந்திருக்க வேண்டுமாம். எங்கே அது?

இவர் கார்ப்பெட்டைக் கீழே விட்டார். பிறகு குளியலறைப் பக்கம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். போன மழையில் நனைந்தது என்று எடுத்துக் காயவைத்தாராம். காய்ந்ததும் வாஷிங் மிஷின் சுற்றும்போது இடம்விட்டு நடக்காமல் இருக்க அதன் அடியில் மடித்து வைத்துவிட்டாராம். மூன்று பேரும் நின்று வாஷிங் மிஷினைப் பார்த்தோம்.

மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய சுற்று போனாரே, அன்றைக்கு முள் ஏன் ஆடவில்லை? அன்று காலையில்தான் இவர் முதல்முதலாகப் பார்த்த ஆள். அவரிடம் இந்தக் காலுக்கு நம்பிக்கை இருந்திருக்கிறது. என்னிடம் இல்லை.

மார்ச் 20, வியாழன்

இரண்டு நாளாக இவரிடம் பேசவில்லை. புது இணைப்பு போட்டு, ஒயரை மேலே தூக்கிக் கட்டி, கம்பளியையும் திரும்ப விரித்துவிட்டார்கள். வாஷிங் மிஷின் மறுபடி நடக்க ஆரம்பித்திருக்கிறது. இன்று காலை கதவு வரை வந்துவிட்டது.

சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து எதிரே உட்கார்ந்து, ஒரு தலையணை உறையை எடுத்து, தப்பாக மடித்தார்.

“உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல.”

“ஓ.”

“நீ நல்லாத்தான் ஓட்டற. எனக்குத் தெரியும். காலுக்கும் சொல்லிப் பாத்தேன், அது கேக்க மாட்டேங்குது.”

“எல்லார் முன்னாடியும் என்னைப் பைத்தியமாக்கிட்டீங்க. நானே வேலைய வேண்டாம்னுட்டு வந்தேன், தெரியுமா?”

தெரியாது அவருக்கு. புதுக் கடை, பொறுப்பு, அழுதது, எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். தலையணை உறையை அவிழ்த்து, மறுபடி மடித்தார். அதுவும் தப்பு.

“அவ்வளவு ஆசையா உனக்கு?”

“ஆமா.”

எழுந்து போய்த் தன் தங்கைக்குப் போன் போட்டார். “ராசியும் இல்ல, காந்தமும் இல்ல. என் காலு. உன் அண்ணி ஓட்டினதுல ஒரு தப்பும் இல்ல” என்று எனக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். அந்தப் பக்கம் நாத்தனார் நெடுநேரம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். “ஆமா, வாஷிங் மிஷின்தான்... இல்ல, சுத்தற மிஷின் இல்ல, அதுக்கு அடியில...” பாவமாக இருந்தது. போய் போனை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

முதலாளியம்மாவிடம் சரி என்று சொன்னேன். “அன்னைக்கே தெரியும்” என்றார்.

மார்ச் 27, வியாழன்

தேர்வு. பரிசோதகர் பெரிய உடம்புக்காரர். ஏறியதும் தாள் செருகிய அட்டையை மடியில் வைத்து, இரண்டு கால்களையும் நீட்டிப் போட்டுக்கொண்டார். முதல் முனையில் திரும்பினேன். ஒரு பள்ளி வேன் குறுக்கே வந்தது, நிறுத்தினேன். ஓரக்கண்ணால் அவர் காலைப் பார்த்தேன். அசையவில்லை. செருப்பின் நுனிகூட அசையவில்லை. ஒரு மனிதரின் கால் இத்தனை நிம்மதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை, கண் கலங்கிவிட்டது.

“ஏம்மா அழறீங்க? நல்லாத்தானே ஓட்டறீங்க?”

“உங்க கால் சார்” என்றேன். பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது. அவர் காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

பாஸ்.

ஏப்ரல் 21, திங்கள்

புதுக் கடை இன்று திறப்பு. சாவி என்னிடம்.

காலையில் இவர் வாசல் வரை வந்தார். கண்ணாடியைத் துடைத்தார், டயரை உதைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் குனிந்து “மெதுவா...” என்று ஆரம்பித்தார், விழுங்கிக்கொண்டார். “தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?” என்றார். எடுத்துக்கொண்டேன் என்றேன்.

முதல் முறையாகப் பக்கத்து சீட்டில் யாருமில்லை. கைப்பையை அங்கே வைத்தேன். கிளம்பி, பின்கண்ணாடியில் பார்த்தேன். இவர் வாசலிலேயே நின்றிருந்தார், வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டு. தெருமுனையில் நான் பிரேக் போட்டு நிறுத்துகிற வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தார். நின்றதும் காலை எடுத்தார். தான் போட்டுத்தான் வண்டி நின்றது என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.