இரண்டு கம்பியை மாற்றிப் போட்டவளுக்கு

இன்று காலையில் குடோனைத் திறந்தபோது, பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து வார்னிஷ் வாசனை வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உன் கைப்பையைத் திறந்தால் வருகிற வாசனை அது. டிபன் பாக்ஸ், டெஸ்டர், இன்சுலேஷன் டேப் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கும். "உன் தயிர்சாதத்துல கூட மோட்டார் வாசனை வருதுடி" என்று எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன்.

நீ கண்ணை மூடி இது மூன்றாவது ஆடி. இன்றைக்கு நீ எனக்கு வேண்டும்.

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். இன்ஜினியரிங் கவுன்சிலிங். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டு, இன்று மாலை ஐந்து மணிக்குள் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு மாற்ற முடியாது. அவள் எலெக்ட்ரிக்கலை முதலாவதாக வைத்திருக்கிறாள். அவள் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஊரே கம்ப்யூட்டர் படிக்குது. இது இன்னாத்துக்கு கரண்டுல போய் கை வெக்கணும்? பொம்பளப் புள்ள கம்பம் ஏறப் போவுதா?"

"யாருப்பா இப்ப கம்பம் ஏறச் சொன்னாங்க?" என்றாள் அவள். அப்புறம் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

வருகிறவர் சேலை வாங்குவாரா, சும்மா புரட்டிப் பார்த்துவிட்டுப் போவாரா என்று அவர் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிறவள் நான். எட்டுச் சேலையைப் பையில் போட்டுக்கொண்டு வேலூரில் வீடு வீடாக ஏறி இறங்கி, இன்று கடையும் எட்டு பவர்லூமும் வைத்திருக்கிறேன். முடிவு சொல்ல எனக்கு நேரம் ஆகாது. ஆனால் இன்றைக்கு, "மத்தியானம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் குடோனுக்கு வந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

பத்தாவது முடித்து நீ எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ சேர்ந்தபோதும் நான்தான் முதலில் சிரித்தேன். "ஃபேன் ரிப்பேர் பண்றதுக்கு மூணு வருஷமாடி?"

"ரிப்பேர் பண்ண மூணு நாள் போதும். அது ஏன் சுத்துதுன்னு தெரியத்தான் மூணு வருஷம்."

வாய் உனக்கு எப்போதுமே பெரிசு. செய்யாரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, முதல் இரண்டு வருஷம் உன்னை மீட்டர் ரீடிங் நோட்டு எழுத வைத்தார்கள். கரண்டு சுவிட்சுகள் இருக்கிற பேனல் பக்கமே விடவில்லை. உனக்குப் பின்னால் வந்த பையன்கள் எல்லாம் பேனலுக்குப் போனார்கள். நீ ஒருநாள் மேனேஜர் மேஜையில் நோட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இதுக்கு எதுக்கு சார் எலெக்ட்ரிக்கல்? கையெழுத்து நல்லா இருந்தா போதுமே" என்று கேட்டுவிட்டு வந்தாய். அடுத்த வாரம் உன்னைப் பேனலில் விட்டார்கள். அதை என்னிடம் சொல்லும்போது நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

நீ படித்தது என்னவென்று எனக்குப் புரிந்தது, என் தறி ஷெட்டுக்குப் புது மெயின் சுவிட்சு மாட்டிய அன்றைக்குத்தான். மாட்டியவர் வேலையை முடித்துவிட்டுப் போனார். தறி மேஸ்திரி முதல் தறியைப் போட்டார். தறி பின்பக்கமாக ஓடியது. ஷட்டில் பாதி வழியில் மாட்டிக்கொண்டு, பாவு இழை கொத்தாக அறுந்தது. தறிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, நான் அடுத்த தறியைப் போடச் சொன்னேன். அதுவும் அறுந்தது. யாராவது இதைச் செய்வார்களா? அவசரம். கல்யாண ஆர்டர்.

உனக்கு போன் செய்தேன். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக் கூடப் போகாமல் வந்தாய்.

"மெயின்ல வேலை செஞ்சா, மொதல்ல பெல்ட்டைக் கழட்டிட்டு மோட்டாரை மட்டும் சும்மா ஓட்டிப் பாக்கணும்டி. எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்துட்டு அப்புறம் தறிய மாட்டணும். அது கூட தெரியாம மொதலாளின்னு சொல்லிகினு திரியறியா?"

"ஏங்கம்மா, எட்டு மோட்டாரையும் கழட்டணுமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ஒண்ணுத்தையும் கழட்ட வேணாம், அண்ணா."

மெயினை அணைத்தாய். ஒவ்வொரு முனையிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தாய். வந்த மூன்று கம்பியில் இரண்டை மட்டும் இடம் மாற்றிப் போட்டாய். அவ்வளவுதான். எட்டு மோட்டாரும் நேராகச் சுற்றின. மேஸ்திரி வாயைப் பிளந்தார். இரண்டு கம்பியை மாற்றினால் திசை ஏன் மாறுகிறது என்று நீ தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினாய். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சேலை எவ்வளவு நல்ல விலைக்குப் போனாலும் என் முகம் அப்படி ஆனதில்லை.

அப்படிப்பட்ட முகத்தைப் பார்த்தவள்தான், அடுத்த வருஷம் உனக்கு அந்த யோசனையைச் சொன்னேன்.

வடக்கே பெரிய சப்ஸ்டேஷன்கள் கட்டி ஓட்டிக் கொடுக்கிற கம்பெனியில் உன்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போகிற வேலை. கடிதத்தை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாய். நான் வாடிக்கையாளருக்குச் சேலை மடித்துக்கொண்டே பேசினேன்.

"செய்யாருக்கு பஸ் உன் தெரு முனைக்கே வருது. அம்மாவுக்கு வயசாயிட்ச்சு. பாஷை தெரியாத ஊர்ல போய் ஏன்டி பேஜார் படற?"

நீ கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாய். "நீ கணக்கு போட்டு சொல்றவ. சரியாத்தான் இருக்கும்" என்றாய். போகவில்லை. தோழிக்கு நல்லது சொன்னேன் என்று நான் பல வருஷம் பெருமையாகவே இருந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, ஒரு மத்தியானம் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "புது சப்ஸ்டேஷனுக்கு மொதல் மொதல்ல கரண்டு விடும்போது, யார்டு முழுக்க ஒரு ரீங்காரம் எழும்புமாம். கூட வேலை செஞ்சவங்க எல்லாம் கை தட்டுவாங்களாம். அத ஒரு தபா கேட்டிருக்கலாம்டி."

என் மேல் குற்றம் சொல்லவில்லை நீ. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சுளையை உன் கையில் வைத்தேன். நீ சாப்பிட்டாய்.

இதுவரை எழுதியதைப் பாதியில் வைத்துவிட்டு, மதியம் வீட்டுக்குப் போனேன். கணவர் சாப்பிட்டு முடித்திருந்தார். மகள் சாப்பிடவில்லை.

"உனக்கு எதுக்குடி எலெக்ட்ரிக்கல்?" என்றேன். குரல் கடுமையாகத்தான் வந்தது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இங்க கரண்டு போனா எல்லாரும் எப்ப வரும்னுதான் கேக்கறீங்க. எங்க போச்சு, ஏன் போச்சுன்னு யாரும் கேக்கறதில்லம்மா. எனக்கு அது தெரியணும்."

"மொதல்ல நோட்டு எழுத விடுவாங்க. வெளியூர்ல தங்கணும். வெயில்ல நிக்கணும்."

"தெரியும்."

"வேலை கெடைக்கலன்னா இங்க வந்து அழுவக் கூடாது."

"அழ மாட்டேன். வேணும்னா உன் கடையில வந்து சேலை மடிக்கிறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். பயம் அவருக்கு மட்டும் இல்லை. எனக்கும்தான். வியாபாரத்தில் எது கையை விட்டுப் போனாலும் எனக்குத் தூக்கம் போகாது. இவள் தூர தேசத்தில் ஏதோ ஒரு யார்டில் நிற்கிறாள் என்று நினைத்தால் மட்டும் தூக்கம் போய்விடுகிறது. உன் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த அம்மா உன்னைத் தடுக்கவில்லை. தடுத்தது நான்.

நாலு மணிக்கு அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டியலைப் பூட்டினாள். எலெக்ட்ரிக்கல் முதலாவது. எந்த ஊர்க் கல்லூரி வரும் என்று தெரியாது. "தூரமா வந்தா?" என்று கேட்டாள்.

"போய்ட்டு வா" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ கடிதத்தோடு வந்து நின்ற அன்று, சேலையைக் கீழே வைத்துவிட்டு உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். மகளிடம் சொன்னதால் உன்னிடம் சொன்னதாக ஆகிவிடாது. அவளுக்கான "போய்ட்டு வா"வை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னுடையது இன்னும் என்னிடமே இருக்கிறது.